‘யான்’ என்பதும் ‘தான்’ என்பதும்: தற்சுட்டுச் சிந்தனையின் வரலாறும் தமிழ் இலக்கணச் சான்றுகளும்

ஒருவன் தன்னைப் பற்றிச் சிந்திப்பது ஒன்று. தான் சிந்திக்கும் அந்த ஆள் தானே என அறியாமல் தன்னைப் பற்றிச் சிந்திப்பது வேறொன்று. இவ்விரண்டின் வேறுபாடு எத்தகையது, மொழி அதனை எவ்வாறு புலப்படுத்துகிறது என்னும் வினா மேலை மெய்யியலில் இருபதாம் நூற்றாண்டில் மெல்ல உருப்பெற்றது. 1960-களுக்குப் பின் அது மொழியியலாரின் கைக்கு வந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில் தமிழ்த் தொடர்களையும் சான்றாக அழைத்தது. அவ்வரலாற்றின் முதன்மையான கட்டங்களைத் தொடர்ந்து சென்று, தமிழ் மரபு அதனோடு மெய்யாகவே தொடும் இடங்களையும் தொடுவதுபோல் தோன்றி விலகும் இடங்களையும் பிரித்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். இரண்டாவது பணி முதலாவதைவிட இன்றியமையாதது. மேலைநாட்டில் ஒரு கருத்துத் தோன்றியவுடன் அது நம் பழம் நூலில் முன்னரே உண்டு என்று நிறுவிவிட்டு ஆராய்ச்சியை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம் துறையில் நெடுங்காலம் நிலவியது. அதனால் பழம் நூலும் விளங்கவில்லை. புதிய கருத்தும் விளங்கவில்லை.

கண்ணாடியில் கண்டவர்

இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், புலனுணர்வுகளைப் பகுத்தாயும் தம் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். இரவெல்லாம் இரயிலில் பயணம் செய்து களைத்த நிலையில் அவர் ஒரு பொதுவண்டியில் ஏறினார். மறுமுனையிலும் ஒருவர் ஏறுவதைக் கண்டு, எவ்வளவு பொலிவிழந்த பள்ளி ஆசிரியர் இவர் என்று எண்ணிக்கொண்டார். எதிரே இருந்தது கண்ணாடி. அவர் எண்ணியது தம்மைப் பற்றித்தான். ஆயினும் ‘நான் பொலிவிழந்திருக்கிறேன்’ என்று அவர் எண்ணவில்லை. பின்னாளில் இத்துறையில் எழுதப்பட்ட பலவற்றுக்கும் இச்சிறு நிகழ்ச்சி வித்தாக அமைந்தது.

இதற்கு முன்னைய வரலாறு டேகார்ட்டிலிருந்து தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். 1637-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த நூலில், சிந்திக்கிறேன் ஆதலால் இருக்கிறேன் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். 1641-இல் இலத்தீனில் வெளியிட்ட தியானங்களில் அதனை மேலும் செறிவாக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டின் செருமானிய அறிஞர் லிக்டன்பெர்க் எழுப்பிய மறுப்பு இலக்கணம் சார்ந்தது. மின்னுகிறது என்பதுபோல, சிந்தனை நிகழ்கிறது என்று சொல்லும் அளவுக்கே நமக்கு உரிமை உண்டு. ‘சிந்திக்கிறேன்’ என்பது அளவுக்கு மிஞ்சிய கூற்று என்றார் அவர்.

இம்மறுப்பைத் தமிழில் பெயர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். ‘மின்னுகிறது’ என்பது எழுவாய் வெளிப்படாமலே நிறைவுறும் தொடர். ‘சிந்திக்கிறது’ என்றாலோ, எது என்று கேட்கத் தோன்றும். ஆனால் பசியும் வலியும் தோற்றமும் அவ்வாறல்ல. ‘பசிக்கிறது’, ‘வலிக்கிறது’, ‘தோன்றுகிறது’ என்பன அஃறிணை ஒருமை முற்றுகள். உணர்வோன் நான்காம் வேற்றுமை ஏற்று ‘எனக்கு’ என்று நிற்கிறான். லிக்டன்பெர்க் வேண்டிய வாய்பாடு உணர்ச்சிகளைப் பொறுத்தவரை தமிழில் அன்றாட வழக்காகவே உள்ளது. எனினும் தமிழன் ‘நான்’ இல்லாத மெய்யியல் உடையவன் என்று இதிலிருந்து முடிவு கட்டுதல் பொருந்தாது. ‘எனக்கு’ என்பதிலும் தன்மை உண்டு. அது எழுவாயாக நில்லாமை ஒன்றே வேறுபாடு.

பிரெகெ முதல் பெரி வரை

செருமானிய அளவையியலாளர் காட்லோப் பிரெகெ 1918-இல் வெளியிட்ட ‘சிந்தனை’ என்னும் கட்டுரையில் இவ்வினா புதுவடிவம் பெறுகிறது. டாக்டர் குஸ்தாவ் லௌபென் என்னும் கற்பனை மாந்தர் ‘நான் காயமுற்றேன்’ என்கிறார். அதனைக் கேட்ட லியோ பீட்டர் சில நாள் கழித்து, லௌபென் காயமுற்றார் என்கிறார். லௌபென் 1875 செப்டம்பர் 13 அன்று பிறந்தவர் என்பதை மட்டுமே அறிந்த ஹெர்பர்ட் கார்னர் அதே செய்தியை வேறு வழியில் கொள்கிறார். இவர்கள் மூவரும் கொண்டது ஒரே சிந்தனைதானா? அன்று எனும் பிரெகெ அதற்கும் அப்பால் செல்கிறார். ஒவ்வொருவரும் பிறர் எவருக்கும் வாயாத ஒரு தனித்த, அடிப்படையான முறையில் தமக்குத்தாமே புலனாகின்றனர் என்பது அவர் கருத்து. இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. சிந்தனை அனைவர்க்கும் பொது, ஒருவர் கொள்வதைப் பிறரும் கொள்ளலாம் என்பது அவரது அடிப்படைக் கொள்கை. ‘நான்’ என்பதன் சிந்தனையோ பிறர்க்கு எட்டாததாகிவிடுகிறது. பேசும்போது நாம் கையாளும் ‘நான்’ கேட்போர்க்கும் பொருள் தருவதாக இருத்தல் வேண்டும் என்று கூறி அவர் நகர்ந்துவிட்டார், சிக்கல் தீரவில்லை.

விட்கன்ஸ்டைன் 1933–34-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்குச் சொல்லி எழுதச்செய்த குறிப்புகள் 1958-இல் ‘நீலநூல்’ என்னும் பெயரில் அச்சாயின. அவற்றில் அவர் ‘நான்’ என்பதன் இருவகை ஆட்சிகளைப் பிரித்தார். ‘என் கை முறிந்தது’ என்பதில் ஆளை அடையாளம் காண்பதில் தவறு நேரக்கூடும். ஒரு விபத்தில் அருகில் கிடப்பவரின் கையைத் தன் கை எனக் கருதிவிடலாம். ‘எனக்குப் பல்வலி’ என்பதில், வலி உண்டு, ஆனால் அது எனக்குத்தானா என்று ஐயுற இடமில்லை. சிட்னி ஷூமேக்கர் 1968-இல் இதனை அடையாளப் பிழைக்கு ஆட்படாமை என வகுத்துரைத்தார். கேர்த் எவன்ஸ் மறைந்தபின் 1982-இல் வெளிவந்த அவரது நூல் இதனை உடல்நிலை பற்றிய அறிவுக்கும் விரித்தது. ‘என் கால்கள் மடங்கியிருக்கின்றன’ என்பதனை உள்ளுணர்வால் அறியும்போது அங்கும் ஆளை மாற்றிக்கொள்ள வழியில்லை என்றார் அவர்.

குவாத்தமாலாவில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ஹெக்டர்–நேரி காஸ்டனேடா 1966-இல் எழுதிய கட்டுரையே தமிழாய்வாளர்க்கு மிகவும் நெருக்கமானது. ஓர் இதழின் ஆசிரியர் தாம் செல்வர் என்று அறிகிறார் என்னும் கூற்றை அவர் எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் இங்கே வரும் படர்க்கைப் பெயர் இருபொருள் தருவது. அவர் ‘நான் செல்வன்’ என்றே அறிகிறார் எனப் பொருள்படலாம். தாமே அவ்வாசிரியர் எனத் தெரியாமல் ஒருவரைப் பற்றி அறிகிறார் எனவும் பொருள்படலாம். முதற்பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லாமையால் காஸ்டனேடா அப்பெயரின் தலையில் ஓர் உடுக்குறியிட்டு எழுதினார். எழுத்தில் மட்டுமே வாழும் புதிய பெயர்ச்சொல் ஒன்றை அவர் படைக்க வேண்டியதாயிற்று.

ஜான் பெரி 1979-இல் தந்த எடுத்துக்காட்டு எளியது. அங்காடித் தளத்தில் சர்க்கரை கொட்டிக்கிடப்பதைக் கண்டு, பை கிழிந்தவர் யார் எனத் தேடி அவர் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றினார். சுவடு தடித்துக்கொண்டே வந்தது. இறுதியில் அவர் நின்று தம் வண்டியிலிருந்த பையைச் சரிசெய்தார். பை கிழிந்தவர் ஒருவர் உண்டு என்னும் அறிவு அவருக்கு முன்னரே இருந்தது. அவரைச் செயல்படச் செய்ததோ ‘நான்தான்’ என்னும் அறிவு. அந்த ‘நான்’ என்பதற்குப் பதிலாக எந்தப் பெயரையோ வருணனையையோ இட்டாலும் செயலுக்குரிய விளக்கம் கெட்டுவிடும் என்பது பெரியின் முடிவு. இம்முடிவை எல்லாரும் ஏற்றிலர். காப்பலன், டெவர் ஆகிய இருவரும் 2013-இல் வெளியிட்ட நூலில், பெயரும் வருணனையும் தரும் பொதுவான சிக்கல்களே இவை. ‘நான்’ என்பதற்கெனத் தனிச் சிறப்பு ஏதுமில்லை என வாதிட்டனர். அவர்களுடைய வாதத்தின் முதற்பாதி வலுவுடையது. ஆனால் சுட்டிக் காட்டுவதற்கென்றே சில மொழிகள் தனி வடிவங்களை வைத்திருப்பது ஏன் என்பதற்கு அதில் விடையில்லை.

எலிசபெத் ஆன்ஸ்கம் 1975-இல் வெளியிட்ட கட்டுரை இவர்கள் அனைவரினின்றும் வேறுபட்டது. ‘நான்’ என்பது எதனையும் சுட்டும் சொல்லே அன்று என்றார் அவர். அது சுட்டுமாயின், ஒருபோதும் இலக்குத் தவறாமல் சுட்ட வேண்டும்; புலன்கள் அனைத்தும் அடங்கிய நிலையிலும் அச்சொல் தவறுவதில்லை. அத்தகைய சுட்டுக்கு உரிய பொருள் டேகார்ட்டின் சிந்திக்கும் ஆன்மா ஒன்றே ஆகும். அம்முடிவை ஏற்க இயலாது. ஆகவே முதற்கோளையே கைவிட வேண்டும். இதன்பொருட்டு அவர் ஒரு கற்பனைச் சமுதாயத்தைப் படைத்தார். அங்கே ஒவ்வொருவர்க்கும் தாமே எளிதில் காணமுடியாதபடி மார்பின் மேற்பகுதியிலும் முதுகிலும் தனித்தனி எழுத்து உண்டு. மணிக்கட்டின் உட்புறத்தில் எல்லார்க்கும் ஒரே எழுத்து உண்டு. தம் செயல்களை அந்தப் பொது எழுத்தால் அவர்கள் அறிவிக்கின்றனர். அவ்வெழுத்து அவரவரைச் சுட்டுகிறது. எனினும் அது ‘நான்’ ஆகாது என்கிறார் ஆன்ஸ்கம். தன்னைச் சுட்டுதல் வேறு, தன்னைத் தான் என அறிந்து சுட்டுதல் வேறு என்பதே கருத்து.

‘எனது உடல்’ என்னும் வாதம்

இந்திய மெய்யியலில் ‘நான்’ என்னும் உணர்வு நெடிய வாதத்துக்குரிய பொருள். இலக்கணத்தோடு நேரே தொடர்புடைய இரு இடங்களை மட்டும் ஈண்டுக் காண்போம். சங்கரர் தம் பிரமசூத்திர பாடியத்தை அறிவானையும் அறிபொருளையும் வேறுபடுத்தித் தொடங்குகிறார். அறிவானுக்குத் தன்மைப் பெயரைக் கையாளும் அவர், அறிபொருளுக்கு ‘இது’ என்னும் சுட்டைக் கையாளாமல் முன்னிலைப் பெயரைக் கையாளுகிறார். அதற்குக் காரணம் என்ன? உரையாசிரியர் வாசஸ்பதி மிசிரர் பாமதியில் தரும் விடை முற்றிலும் வழக்கு நோக்கியது. ‘இதோ நாம்’ என்பதுபோல அண்மைச்சுட்டு தன்மையோடு சேர்ந்து வருவது பெருவழக்கு. ‘நீ’ என்பது அவ்வாறு சேராது. ஆகவே முற்ற முரணுதலைக் காட்ட முன்னிலையே தக்கது என்பது அவர் விளக்கம். மெய்யியல் நூலொன்றின் முதற்சொல்லுக்குச் சொற்சேர்க்கை வழக்கைக் காரணமாகக் காட்டும் இம்முறை நம் உரையாசிரியர் முறைக்கு மிகவும் அணித்தானது.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் நூற்பாவில் உயிரின் இருப்புக்கு ஏதுக்களை அடுக்குகிறது. ஆன்மா இல்லை என்று மறுக்கும் அறிவே ஆன்மா என்பது ஓர் ஏது. ‘எனது உடல்’ என உடைமையாகக் கூறுதலின் உடலின் வேறாய உடையவன் உண்டு என்பது மற்றோர் ஏது. முதலாவதை டேகார்ட்டின் ஐயத்தோடு ஒப்பிடுவோர் பலர். இரண்டாவதே நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அது சொல்லின் நடத்தையிலிருந்து பொருளின் இருப்பை நிறுவ முயல்கிறது. ஆன்ஸ்கம் அஞ்சிய வழி இதுவே. ‘நான்’ எதனையேனும் சுட்டுமாயின் உடலின் வேறான ஒன்றில் சென்று முடியும் என்பதில் அவருக்கும் உடன்பாடு உண்டு. மெய்கண்டார் முதற்கோளை ஏற்று முடிவையும் ஏற்றார். ஆன்ஸ்கம் முடிவை மறுத்து முதற்கோளையும் மறுத்தார்.

இவ்வேதுவைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு ஆராய்தல் தகும். ஆறாம் வேற்றுமைக் கிழமைப்பொருளைத் தொல்காப்பியம் தன்னோடு ஒன்றியது, பிறிதாயது என இரண்டாக்குகிறது. ‘எனது கை’ தற்கிழமை. ‘எனது வேல்’ பிறிதின்கிழமை. ‘எனது உடல்’ என்பதைப் பிறிதின்கிழமை என்று கொண்டால்தான் ஏது நிற்கும். அதனைத் தற்கிழமை என்பானுக்கு உருபு மட்டும் விடை தாராது. ‘எனது உயிர்’ எனவும் நாம் சொல்கிறோம். ஆயினும் உயிருக்கு அப்பால் மற்றோர் உடையவனை அதனால் தேடுவதில்லை. எனவே இவ்வேது தனித்து நிற்பதன்று. ஐம்புலன் ஒடுக்கம் அறிதல் முதலிய பிற ஏதுக்களோடு சேர்த்து வைத்தே அதனை மதிப்பிட வேண்டும். நூற்பா அவற்றை ஒருங்கே அடுக்கியிருப்பதும் அதனாலேயே எனலாம்.

தன்மையும் திணையும்

பேசுவோன் இடத்துக்கு இலக்கணிகள் தந்த பெயர் ‘தன்மை’. அது ‘என்’ என்பதன் அடியாகப் பிறவாமல் ‘தன்’ என்பதன் வடிவோடு நிற்பது சிந்தனைக்குரியது. ‘தன்மை’ இயல்பு என்னும் பொருளும் உடையது என்பது உண்மையே. எனினும் இலக்கணி ஒருவன் பேசுவோர் ஒவ்வொருவரின் ‘யான்’ என்பதற்கும் வெளியே நின்று பொதுப்பெயர் இடும்போது ‘யான்’ என்பதைக் கையாள இயலாது. கையாண்டால் அது அவ்விலக்கணியையே குறிக்கும். பிறர் ‘யான்’ என்று எண்ணுவதை வெளியே நின்று கூறத் தமிழில் உள்ள சொல் ‘தான்’. காஸ்டனேடா உடுக்குறியிட்டுப் பெற்ற சொல் இதுவே. நேர்கூற்றை அயற்கூற்றாக்கும் பள்ளி மாணவர் ‘நான்’ என்பதைத் ‘தான்’ என மாற்றும்போது செய்வதும் இதனையே.

ஆனால் ‘தான்’ அதனோடு நின்றுவிடுவதில்லை. ‘பசு தன் கன்றை நக்கியது’ என்கிறோம். ‘மரம் தன் இலைகளை உதிர்த்தது’ எனவும் சொல்கிறோம். இங்கே தன்னுணர்வு இல்லை. எழுவாயை மீட்டும் சுட்டும் பணி மட்டுமே உண்டு. ஆன்ஸ்கம் காட்டிய மணிக்கட்டு எழுத்துப் போன்றது இந்தத் ‘தன்’. தொல்காப்பியம் பெயரியலில் ‘யான், யாம், நாம்’ என்பவற்றை உயர்திணைப் பெயருள் வைத்து, ‘தான், தாம், நீ, நீயிர்’ என்பவற்றை இருதிணைக்கும் உரிய விரவுப்பெயராக வகுத்தது. ‘நீ’ என்று எருதை விளிக்கலாம். ‘தான்’ என்று கல்லையும் சுட்டலாம். ‘யான்’ என்று சொல்ல மக்கட்டன்மை வேண்டும். வினையியலும் தன்மை வினைகளை உயர்திணைக்கே உரியனவாக்கிற்று.

நன்னூல் இதனை மாற்றியது. கங்க மரபினனான சீயகங்கனின் வேண்டுகோளுக்கு இணங்கப் பவணந்தி இயற்றிய அந்நூல், ‘நான்’ என்பதையும் சேர்த்துத் தன்மைப் பெயர் நான்கனையும் பொதுப்பெயராக்கி, தன்மை வினையையும் இருதிணைப் பொதுவினையுள் சேர்த்தது. கிளியும் யாழும் ‘யான்’ எனப் பேசும் இலக்கிய வழக்கு ஒரு காரணமாகலாம். வடிவில் திணை காட்டாத சொல்லைத் திணைக்குரியதாக வகுக்க வேண்டுவதில்லை என்னும் வடிவநோக்கு மற்றொரு காரணமாகலாம். இரண்டாவதே வலுவுடையதாகத் தோன்றுகிறது. தொல்காப்பியர் யார் ‘யான்’ எனச் சொல்லவல்லார் என்பதை நோக்கினார். பவணந்தி ‘யான்’ என்னும் சொல் எதனைக் காட்டுகிறது என்பதை நோக்கினார். கணினி நிரல்கள் ‘நான்’ என்று விடையிறுக்கும் இந்நாளில் நன்னூலின் வகுப்பு வழக்கோடு எளிதில் பொருந்துகிறது. தொல்காப்பியத்தின் வகுப்போ கேள்வி எழுப்புகிறது.

இவற்றினும் வியப்புக்குரிய இடம் ஒன்று எச்சவியலில் உண்டு. இரத்தற் சொற்களுள் ‘ஈ’ இழிந்தோன் கூற்று, ‘தா’ ஒப்போன் கூற்று, ‘கொடு’ உயர்ந்தோன் கூற்று. ஆனால் கிளவியாக்கத்தின்படி வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. அங்ஙனமாயின் உயர்ந்தோன் தனக்கென வேண்டும்போது ‘கொடு’ என்பது எவ்வாறு பொருந்தும்? தன்னை வேறொருவன்போல வைத்துக் கூறும் குறிப்பினால் அது தன்னிடத்தும் இயலும் என்று தொல்காப்பியர் விதிக்கிறார். ‘இவனுக்குக் கொடு’ என்று தன்னையே சுட்டிக் கேட்பதுபோல் கொள்க. சீசர் தம் போர்க்குறிப்புகளில் தம்மைப் படர்க்கையில் வைத்து எழுதியது யாவரும் அறிந்ததே. கண்ணாடியில் தம்மைக் கண்ட மாக் தம்மையே பிறராகக் கருதிவிட்டார்; உயர்ந்தோனோ தான் யார் என்பதை நன்கறிந்தே பிறன்போல நிற்கிறான். அறியாமையால் நேர்வதற்கும் குறிப்பால் செய்வதற்கும் உள்ள இவ்வேறுபாட்டைச் சொல்வடிவம் காட்டாது. தொல்காப்பியர் ‘குறிப்பு’ எனச் சுட்டியதன் நுட்பம் இதுவே.

‘தான் வருவேன் என்றான்’

டேவிட் காப்லன் 1977-இல் சுற்றுக்கு விட்டு 1989-இல் அச்சிட்ட நூலில், ‘நான்’ எப்போதும் அதனைச் சொல்பவரையே குறிக்கும். அதனைப் பிறருடைய கூற்றுச்சூழலுக்கு மாற்றும் கூறுகளை ஆங்கிலம் அறியாது என்றார். அத்தகைய கூறுகள் இருக்குமாயின் அவை அரக்கர்கள் எனத்தக்கன என்று நகையாடினார். அரக்கர்கள் விரைவில் வந்தனர். பிலிப் ஷ்லெங்கர் 2003-இல் அம்ஹாரிக் மொழியிலிருந்து சான்று காட்டினார். கூறியவனின் நோக்குநிலையைக் குறிக்கத் தனிப்பெயர் வழங்கும் எவே முதலிய மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைப் பற்றிக் கிளெமென்ட்ஸ் 1975-லேயே எழுதியிருந்தார். தமிழ்ச் சான்றைச் சந்தியா சுந்தரேசன் 2012-இல் நிறைவுசெய்த முனைவர் பட்ட ஆய்வு விரிவாக எடுத்துரைத்தது.

அச்சான்று நம் அன்றாடப் பேச்சிலும் நாளிதழ்களிலும் காணப்படுவது. ‘குமரன் நான் வருவேன் என்றான்’ என்பது அவனுடைய சொற்களை அப்படியே எடுத்துரைப்பதாகலாம். ஆகவே அதனால் ஒன்றும் நிறுவப்படாது. ‘குமரன் தான் வருவேன் என்றான்’ என்பதோ வேறு. குமரன் ‘தான் வருவேன்’ என்று சொல்லியிருக்க மாட்டான். ஆதலின் இது வெறும் நேர்கூற்று அன்று. ‘வருவேன்’ என்னும் விகுதியோ செய்தி சொல்பவனைக் குறியாமல் குமரனையே குறிக்கிறது. ‘குமரன் தான் எங்கே போவேன் என்றான்?’ எனப் பிறரிடம் வினவி விடைபெற முடிவதும் இது மேற்கோள் அன்று என்பதற்குச் சான்று. எழுவாய் படர்க்கை, பயனிலை தன்மை. மரபிலக்கண நோக்கில் இது இடவழு. பள்ளி இலக்கணம் ‘தான் வருவதாக’ என்றே எழுதச் சொல்லும்.

இதனை வழுவெனத் தள்ளுவது இயலாது. குமரன் ஒரு நிழற்படத்தில் இருப்பது தானே என உணராமல், ‘இவன் மெலிந்துவிட்டான்’ என்று எண்ணினான் என்க. அதனை ‘தான் மெலிந்துவிட்டேன் என்று எண்ணினான்’ எனக் கூறினால் என் செவிக்கு அது பொய்யுரையாகும். காஸ்டனேடா உடுக்குறியால் அடைந்த பொருளை இங்கே ‘தான்’ பெயராலும் ‘ஏன்’ விகுதியாலும் தமிழ் இருமடங்கு உறுதி செய்கிறது. அத்துடன் ‘குமரன் தான் என்னைக் கண்டேன் என்றான்’ என்னும் தொடரில் ‘ஏன்’ குமரனைக் குறிக்க, ‘என்னை’ செய்தி சொல்பவனைக் குறிக்கிறது. ஒரே உட்டொடரில் இரண்டு தன்மைகள் இரண்டு ஆட்களைக் குறிக்கின்றன. சூழல் முழுவதும் ஒருங்கே மாறும் என்னும் கோட்பாட்டினர்க்கு இது விளக்க அரிது.

இதற்கு இணையான வேறொரு வழக்கையும் சேர்த்து நோக்குதல் நலம். தாய் தன் குழந்தையிடம் ‘அம்மா சொல்கிறேன், கேள்’ என்கிறாள்; தொண்டர் ‘அடியேன் வந்தேன்’ என்கிறார். எழுவாய் பெயர்ச்சொல், விகுதி தன்மை. ஓரிடம் பிறவிடம் தழுவும் என நன்னூல் இடவழுவமைதியாக ஏற்பதற்கு இவையும் இயைபுடையன. ஆனால் இங்கே ‘ஏன்’ குறிப்பது பேசுபவரையே. ‘தான் வருவேன் என்றான்’ என்பதில் அது குறிப்பது பேசப்படுபவனை. ‘அம்மா தான் வருவேன் என்றாள்’ என்று குழந்தை பிறரிடம் சொல்லும்போது ‘வருவேன்’ குழந்தையைக் குறிப்பதில்லை, தாயைக் குறிக்கிறது. அக்குழந்தை அதனைத் தயக்கமின்றிச் சொல்கிறது. கேட்போரும் தயக்கமின்றி அறிந்துகொள்கின்றனர்.